ஆமாம், பத்து துருப்பிடித்த கத்திதான்

இரண்டு நாளாக ஆளாளுக்கு எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். நம் ஊர் அருங்காட்சியகத்தின் ஆயுத அறையில் நின்றுகொண்டு, "பத்து துருப்பிடிச்ச கத்தி, இதுக்கு டிக்கெட் வேற" என்று ஒரு தம்பி சிரிக்கிற அந்த நாற்பது விநாடி ரீல். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அதில் நான்கு பேர் என் நண்பர்கள் பட்டியலில் இருப்பவர்கள். ஒருவர் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். நடத்தட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாற்பது விநாடியில் ஒரு கட்டாரியைப் பார்க்க முடியாது.

அவர் தோளுக்குப் பின்னால், கண்ணாடிக்குள், ஏணியை ஒடித்து வைத்த மாதிரி கைப்பிடியோடு ஒன்று தெரிகிறதே, அதுதான் கட்டாரி. அரிவாளைப் பிடிப்பதுபோல் அதைப் பிடிக்க முடியாது. பக்கச் சட்டங்கள் இரண்டும் முன்கையை ஒட்டி நிற்கும். நடுவிலுள்ள குறுக்குக் கம்பிகளை முஷ்டிக்குள் இறுக்க வேண்டும். அலகு விரல் முட்டிகளுக்கு நேர் முன்னால் நீளும். குத்துவிட்டால் தோளின் பலம் மொத்தமும் நுனிக்குப் போகும். எதிரி இரும்பு வளையச் சட்டை போட்டிருந்தாலும் ஏறவேண்டும் என்று பல கட்டாரிகளின் நுனியைத் தடிப்பாக விட்டிருப்பார்கள். தஞ்சாவூர் வேலைப்பாடு என்றால் புறங்கையை மறைக்கப் படகுப் பாய் மாதிரி ஒரு தகடு விரிந்திருக்கும், அதில் யாளி எட்டிப் பார்க்கும். இன்னொன்று, அந்த அலகுகளில் பல ஐரோப்பியச் சரக்கு. கடற்கரையில் வந்திறங்கிய வாள் அலகை வாங்கி, நம் ஊர்க் கொல்லர் தன் கைப்பிடியை மாட்டி ஆணி அறைந்திருக்கிறார். கப்பல் வியாபாரமும் உள்ளூர்ப் பட்டறையும் ஒரு முழ நீளத்துக்குள் இருக்கின்றன. நாற்பது விநாடியில் இதெல்லாம் தெரியாது. துரு மட்டும்தான் தெரியும்.

"பராமரிப்பு சரியில்லை, அதைத்தானே அந்தப் பையன் சொன்னான்" என்று கேட்பீர்கள். அவன் அதைச் சொல்லவில்லை. ஆனால் பராமரிப்பு சரியில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு டியூப்லைட் எரியவில்லை. பெயர் அட்டையில் "கத்தி, இரும்பு" என்று எழுதியிருக்கிறது. இரும்பு என்பதைக் கண்டுபிடித்த அறிஞருக்கு என் வணக்கம். அதைத் திட்டி ஒரு ரீல் போட்டிருந்தால் நானே முதல் ஆளாகப் பகிர்ந்திருப்பேன்.

"கத்தியும் வேலும் பார்த்து வீரப்பெருமை பேசத்தானே, அப்புறம் சாதிக்கொரு வாள் தூக்கத்தானே" என்று ஒரு தோழர் உள்பெட்டியில் கேட்டார். பயம் நியாயமானது. ஆனால் நான் வாள் வீசியவனைப் பற்றிப் பேசவே இல்லை தோழர், பட்டறையில் வாள் அடித்தவனைப் பற்றிப் பேசுகிறேன்.

"வெளிநாட்டு மியூசியம் எப்படி இருக்கும் தெரியுமா" என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். தெரியும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கட்டாரிகள் பளபளவென்று இருக்கின்றன. அதில் பல தஞ்சாவூர்க் கட்டாரிகள். 1855இல் தஞ்சாவூரின் கடைசி மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார்கள். 1860களில் பிரிட்டிஷ் அரசாங்கத்தார் அரண்மனை ஆயுதச்சாலையைக் கலைத்தார்கள். நல்லதாகப் பொறுக்கியதில் ஒரு பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. மீதியில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். ஆமாம், பழைய இரும்பாக. உடைபடாமல் தப்பி ஒரு சின்ன ஊரின் கண்ணாடிப் பெட்டிக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம்.

தஞ்சாவூர் பீரங்கி மேட்டுக்கு எத்தனை பேர் ஏறியிருக்கிறீர்கள்? அங்கே இருக்கும் பீரங்கி ஏழரை மீட்டர் நீளம், இருபது டன்னுக்கு மேல் எடை. வார்ப்பு இல்லை. நீள நீளமான இரும்புப் பட்டைகளைச் சேர்த்து, மேலே வளையம் வளையமாகக் காய்ச்சி இறக்கி, அடித்து அடித்தே ஒட்டவைத்தது. தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலம் என்கிறார்கள். அதே ரகுநாதர்தான் 1620இல் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடம் கொடுத்தவர். அந்தப் பீரங்கியின் ஒரு வளையத்தைச் சூடு ஆறுவதற்குள் இறக்க எத்தனை பேர் குறடு பிடித்திருக்க வேண்டும் என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றும். சும்மா யோசிக்கவில்லை. குறடு பிடித்திருக்கிறேன்.

என் அப்பா கொல்லர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். குறுவை அறுப்புக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில் அரிவாள் குவிந்து கிடக்கும். நான் துருத்தி ஊதுவேன், அப்பா கருக்கு வெட்டுவார். துவைச்சல் போடும்போது, அதாவது காய்ச்சிய இரும்பை முக்கும்போது, தண்ணீரில் எழும் சத்தத்தை வைத்தே "இது நிக்கும், இது நிக்காது" என்பார். கூலி களத்தில் நெல்லாக வரும். அறுப்பு மெஷின் வந்தது. அரிவாள் குறைந்தது, நெல்லும் நின்றது. கடைசி இரண்டு வருடம் வாசலில் யாரும் எடுத்துப் போகாத அரிவாள்கள் தொங்கின. பஸ்ஸுக்கு நிற்கும் பையன்கள் அதைக் காட்டி, "ஏன் மாமா, இதெல்லாம் யாருக்கு, மியூசியத்துக்கா?" என்று சிரிப்பார்கள். அப்பாவும் கூடச் சிரிப்பார்.

ரீலில் கேட்டது அந்தச் சிரிப்புதான். சரி, அந்தத் தம்பிக்கு இது தெரியாது, அவர் மேல் எல்லாவற்றையும் ஏற்றுவது நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது. என் மகளே ஆயுத அறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாராவது கேட்கத்தான் போகிறீர்கள், "உங்கள் அப்பாவின் பட்டறைச் சாமான்கள் எங்கே?" என்று. அப்பா போன மறு வருடம் வீட்டை இடித்துக் கட்டினோம். பட்டடைக்கல், சம்மட்டி, குறடு எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். எடை போட்டு எடுத்துக்கொண்டார். பட்டடைக்கல்லை வண்டியில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. அதில் ஒருவன் நான்.