தோற்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஃபைனல் ஃபேன்டஸி என்ற ஜப்பானிய வீடியோ கேம் வரிசையில் எந்த கேம் மிகக் கடினமானது என்ற பேச்சு எழும்போதெல்லாம், முதல் மூன்று பாகங்களை உச்சியில் வைத்துவிட்டு, பின்னால் வந்தவை படிப்படியாக எளிதாகிப்போயின என்று முடித்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அண்மையில் முதல் பாகத்தையும் 13-ஆம் பாகத்தையும் அடுத்தடுத்து ஆடி முடித்த பிறகு, அந்தத் தரவரிசையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நெல்லைப் படியால் அளக்கிறோம், துணியை முழத்தால் அளக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது அதிகம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

1987-இல் ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ கேம் கருவியில் வெளிவந்த முதல் பாகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் தனியாக எந்தச் சண்டையும் பெரிய சவால் இல்லை. பெரும்பாலும் தாக்கு என்ற ஒரே கட்டளையைத்தான் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம். ஆனால் சேவ் செய்ய வேண்டுமானால் ஊரிலுள்ள விடுதிக்குப் போக வேண்டும், அல்லது வெளி வரைபடத்தில் கூடாரம் அடிக்க வேண்டும். குகைக்குள் நுழைந்துவிட்டால் வெளியே வரும்வரை எதுவும் பதிவாகாது. மந்திரங்களுக்குச் செலவாகும் எம்பி என்ற பொதுப் புள்ளிகள் கிடையாது. எட்டுப் படிநிலைகள் உண்டு. நன்றாக வளர்ந்த மந்திரவாதிக்குக்கூட ஒரு படிநிலைக்கு ஒன்பது முறைக்குமேல் வாய்ப்பில்லை. இருவர் ஒரே எதிரியைக் குறிவைத்து, முதல் அடியிலேயே அது செத்துவிட்டால், இரண்டாமவரின் அடி வெறும் காற்றில் வீணாகும். வழியில் கடையே இல்லாத ஊருக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவதைப் போன்றது அது: எத்தனை போஷன் (காயம் ஆற்றும் மருந்து) மிச்சம், விஷமுறிவு எத்தனை, இந்த இடத்தில் திரும்பினால் உயிரோடு வாசலைத் தொட முடியுமா என்ற கணக்குத்தான் உண்மையான ஆட்டம். மார்ஷ் கேவ் என்ற குகையில் புதையல் பெட்டியை எடுத்த பிறகு திரும்பி நடக்கும் வழிதான் பலரைக் கொன்றிருக்கிறது. போதாக்குறைக்கு, நிரல் பிழையால் அந்தப் பதிப்பில் அறிவுப் புள்ளி மந்திரத்தின் வலிமையைக் கூட்டவே இல்லை. ஆக, அந்தக் கடினத்தில் ஒரு பங்கு அதை உருவாக்கியவர்களே எண்ணியிராதது.

1990-இல் வந்த 3-ஆம் பாகம் இதே கணக்கை அதன் எல்லைவரை இழுத்துச் சென்றது. கிரிஸ்டல் டவரில் ஏறத் தொடங்கினால், அதன் உச்சியில் ஒரு பாஸ் (பெரிய எதிரி), பிறகு இருளுலகத்தில் நான்கு பாஸ்கள், கடைசியில் கிளவுட் ஆஃப் டார்க்னெஸ். இத்தனைக்கும் நடுவில் ஒரு சேவ் புள்ளி கிடையாது. 2006-இல் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு அதை மறுஆக்கம் செய்தபோதும் அங்கே சேவ் புள்ளி வைக்கவில்லை. நான் ஆடியது அந்தப் பதிப்பைத்தான். கடைசி பாஸிடம் தோற்று, பல மணி நேர உழைப்பு ஒரே நொடியில் போன அன்று எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, ஒருவகை அசதி. அந்த பாஸ் கடினமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். கீழே இறக்கிவிடப்பட்டதுதான் கடினம்.

இதை எனக்கு வேறொரு விதத்தில் கற்றுத்தந்தது மின்வெட்டு. 10-ஆம் பாகத்தில் யுனலெஸ்கா மூன்று உருவங்கள் எடுக்கும் பாஸ். முன்னால் வரும் நீண்ட காட்சியை பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கருவியில் தாண்டிச் செல்ல வழியில்லை. மூன்றாம் உருவம் வந்ததும் கரண்ட் போனால், அந்தக் காட்சி முழுவதையும் மீண்டும் பார்த்துத்தான் ஆக வேண்டும். கரண்ட் போகும் நேரத்தையும் சேர்த்துத் திட்டமிட்டு ஆடிய எங்களுக்கு, எந்த அமெரிக்க இதழும் தந்த கடினப் புள்ளிகள் பொருந்தியிருக்க வழியில்லை.

நடுவில் வந்த பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4-ஆம் பாகம் வந்த அதே 1991-இல் ஜப்பானில் ஈஸி டைப் என்று ஓர் எளிய பதிப்பையே தனியாக விற்றார்கள். 5-ஆம் பாகத்தில் பாத்திரங்களுக்கு எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கடினம் மாறும்.

8-ஆம் பாகம்தான் வினோதமானது. 1999-இல் வந்த அந்த கேமில் எதிரிகளின் லெவல் நம் குழுவின் சராசரி லெவலோடு சேர்ந்து ஏறும். லெவல் ஏறுவதால் நமக்குக் கிடைக்கும் வலிமை கொஞ்சம்தான். உண்மையான வலிமை, மந்திரங்களை உடல் புள்ளிகளோடு பிணைக்கும் ஜங்ஷனில் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் முதல் டிஸ்க்கிலேயே நாள்முழுக்கக் காட்டில் சுற்றி எதிரிகளை அடித்து லெவல் ஏற்றிய நான், அடுத்த டிஸ்க்கில் சாதாரண எதிரிகளிடமே மூச்சுத் திணறினேன். எங்கள் தெருவில் இருந்த அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டு, “சண்டை போடாதடா, சீட்டு விளையாடு” என்றார். கிண்டல் என்று நினைத்தேன். எதிரியைச் சீட்டாக மாற்றினால், திறன்களைக் கற்க உதவும் ஏபி புள்ளி சேரும், லெவல் ஏறாது. சைரன் என்ற துணைச் சக்தி கற்கும் ஒரு திறனால் ஒரு டென்ட்டை, க்யூராகா என்ற குணமாக்கும் மந்திரம் பத்தாக மாற்றலாம். பத்து டென்ட்டில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய உச்சமான 100 நிறைந்துவிடும். அதை எச்பியோடு (உயிர்ப் புள்ளிகளோடு) பிணைத்தால் குறைந்த லெவலிலேயே நாயகன் ஸ்குவாலை எளிதில் வீழ்த்த முடியாது. உழைப்பவனைத் தண்டித்து, விதியைப் படித்தவனுக்கு அள்ளிக்கொடுக்கும் இந்த கேமை எளிது என்பவரும் கடினம் என்பவரும் பொய் சொல்லவில்லை.

எண்களும் இங்கே உதவாது. முதல் பாகத்தின் கடைசி எதிரியான கேயாஸுக்கு மூலப் பதிப்பில் 2000 எச்பி. 12-ஆம் பாகத்தில் வரும் யியஸ்மாட் என்ற எதிரிக்கு 5 கோடிக்கும் மேல். ஆனால் யியஸ்மாட்டோடு சண்டையிடுவது கட்டாயமில்லை; நடுவில் விலகிப் போய் சேவ் செய்துவிட்டும் வரலாம்.

13-ஆம் பாகத்துக்கு நியாயம் செய்ய வேண்டியிருக்கிறது. முதல் சில அத்தியாயங்களில் ஒரே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தால் போதும் என்பது உண்மை. அங்கேயே சலித்து விட்டுவிட்டவர்கள்தான் அதை எளிது என்கிறார்கள். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் எச்பி முழுதாக நிரம்புகிறது; தோற்றால் சண்டைக்குச் சற்று முன்பிருந்தே தொடங்கலாம். ஒரு சண்டையின் காயம் அடுத்ததற்குத் தொடராததால், ஒவ்வொன்றையும் விளிம்புவரை இறுக்க அதை உருவாக்கியவர்களுக்குத் துணிவு வந்தது. முதல் பாகத்தில் எல்லாக் காயமும் தொடரும் என்பதால் எந்தச் சண்டையையும் அப்படி இறுக்கியிருக்க முடியாது. மேலும், அத்தியாயத்துக்கு அத்தியாயம் வளர்ச்சிக்கு வரம்பு கட்டியிருப்பதால், லெவல் ஏற்றித் தப்பிக்கும் பழைய உபாயம் செல்லாது. 9-ஆம் அத்தியாயத்தில் பார்தாண்டலஸ் என்ற பாஸிடம் நான் ஆறு முறை தோற்றேன். ஆறு முறையும் தவறு என் பாரடைம் தேர்வில்தான், அதாவது குழுவினருக்குப் பங்கு பிரித்த விதத்தில்தான் இருந்தது, பையில் போஷன் குறைந்ததில் இல்லை.

2023-இல் கன்சோல்களுக்கு வந்த பிக்சல் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பில், முதல் பாகத்தில் வழியில் எதிர்ப்படும் எதிரிகளை ஒரு பட்டனில் வராமல் நிறுத்திவிடலாம். ஒருமுறை நிறுத்திவிட்டு மார்ஷ் கேவுக்குள் நடந்து பார்த்தேன். சில நிமிடங்களில் பெட்டி கைக்கு வந்தது. திரும்பும் வழியில் எதுவுமே இல்லை. வெளியே வந்து, பழைய சேவைத் திறந்து, எதிரிகளை இயக்கிவிட்டு, விஷமுறிவு வாங்க எல்ஃப்ஹைம் ஊருக்குத் திரும்பினேன்.