முதல் பாதி சரி, மாத்திரை தான் இடிக்குது

சுகர் ஏறுனா ஃப்ரீ ராடிக்கல் (செல்ல சேதப்படுத்தற மூலக்கூறு) ஏறும், அத அடக்கற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டா ரத்தக்குழாய் அடைக்காதுன்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, முதல் பாதி சரிங்க. ரத்தக்குழாய் உள்சுவர்ல இருக்கற செல்லுக்கு குளுக்கோஸ தடுத்து நிறுத்த தெரியாது, ரத்தத்துல ஏற ஏற உள்ளயும் ஏறும், அத எரிக்கற மைட்டோகாண்ட்ரியா (செல்லோட அடுப்பு மாதிரி) திணறிப்போய் சூப்பராக்சைடுங்கற ஃப்ரீ ராடிக்கல கக்கும், அது குழாய விரிய வைக்கற நைட்ரிக் ஆக்சைடையே காலி பண்ணிடும். அப்புறம் சுவருக்குள்ள புகுந்த எல்டிஎல் கொழுப்பு ஆக்சிடைஸ் ஆகி, அத வெள்ளணு முழுங்கி முழுங்கி உப்பிப்போய் அங்கயே தங்கிடும், அடைப்பு அப்படித்தான் ஆரம்பிக்குது, வலி கிலி ஒண்ணும் தெரியாது.

ஆனா மாத்திரை? 2000ல வந்த ஹோப் ஆய்வுல 9,500 பேருக்கு மேல சேத்து, பாதி பேருக்கு தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ, அதுவும் ஒரு ஆன்டிஆக்சிடன்ட் தான், குடுத்து நாலஞ்சு வருஷம் பாத்தாங்க, ஹார்ட் அட்டாக் குறையவே இல்ல. அதே ஆய்வுல ராமிப்ரில்னு ஒரு பிரஷர் மாத்திரை தான் குறைச்சுது, அத யாரும் பேசறதில்ல.

இங்க சேலத்துல எங்க மாமா ஒருத்தர், சுகர் பேஷன்ட், தட்டுவடை செட்டுல கேரட் பீட்ரூட் இருக்குல்ல மாப்ள, எல்லாம் ஆன்டிஆக்சிடன்ட் தான்னு சொல்லிக்கிட்டே ரெண்டாவது செட்டுக்கு கை நீட்டுவாரு, காலைல ஜவ்வரிசி உப்புமா வேற! இந்த கட்டுரைய அவருக்கு அனுப்புனா அவ்ளோதான். எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட்), பிரஷர், எல்டிஎல், சிகரெட் இதப்பத்தி ஒரு வரி கூட இல்லியே, அடுத்த பாகத்துலயாச்சும் எழுதுங்க.