நீலக் கோட்டுதான் அசலா?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்ததை அன்றைக்கே சுருக்கமாக எழுதியிருந்தேன். "இதையெல்லாம் பெரிசுபடுத்தாதே" என்று நிறைய பேர் சொல்லிவிட்டீர்கள். நாலு நாளாகியும் மனசு ஆறவில்லை. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

என் மகள் 2017இல் வந்த புது டக்டேல்ஸ் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூஜ் என்ற பணக்கார வாத்தின் கதை அது. வீட்டுக்கு வந்திருந்த நண்பர் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ஸ்க்ரூஜ் கோட்டு நீலம்தானே, இதென்ன சிவப்பு? மூஞ்சியெல்லாம் கோணல்மாணலா வரைஞ்சு வச்சிருக்கான். நாங்க பார்த்ததுதான் அசல்" என்றார். அவள் ஒன்றும் பேசாமல் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எட்டு வயதுப் பிள்ளை.

அந்தக் கோட்டுக்கே வருகிறேன். கார்ல் பார்க்ஸ் என்ற ஓவியர் ஸ்க்ரூஜை உருவாக்கியது 1947இல், காமிக்ஸுக்காக. காமிக்ஸில் அவருக்குப் பெரும்பாலும் சிவப்புக் கோட்டுதான். 1987இல் வந்த, நாம் சின்ன வயதில் பார்த்த டக்டேல்ஸ்தான் அதை நீலமாக்கியது. புதுத் தொடர் பழைய சிவப்புக்கே திரும்பிப் போனது, அவ்வளவுதான். நண்பர் அசல் என்று சொன்னது அவர் முதலில் பார்த்ததை. முதலில் பார்த்தது வேறு, அசல் வேறு.

டாம் அண்ட் ஜெர்ரியும் அப்படித்தான். 1940இல் தொடங்கியது. 1961, 62இல் வேறொரு குழு பிராக் நகரத்தில் 13 படங்கள் செய்தது. அப்புறம் சக் ஜோன்ஸ் என்ற இன்னொரு இயக்குநர் வந்தார். 1975 தொடரில் இரண்டும் நண்பர்களாகவே சுற்றின, ஜெர்ரி கழுத்தில் சிவப்பு போ டை வேறு. எது யார் செய்தது என்று தெரியாமல்தான் எல்லாவற்றுக்கும் சிரித்தோம். பக்கத்தில் உட்கார்ந்து "இது போலி" என்று யாரும் நம்மிடம் சொல்லவில்லை.

"இப்போதெல்லாம் காசுக்காக எடுக்கிறார்கள்" என்பீர்கள். வாள் தூக்கும் வீரன் ஹீ-மேனின் பொம்மைகள் 1982இல் கடைக்கு வந்துவிட்டன, கார்ட்டூன் தொடர் 1983இல்தான் வந்தது. பொம்மை விற்க எடுத்த தொடரைத்தான் நாம் உயிராக நேசித்தோம். அந்த நேசம் பொய்யில்லை. என் மகளுடையதும் பொய்யில்லை.

"தரம் குறைந்தால் சொல்லக்கூடாதா?" சொல்லுங்கள். டீன் டைட்டன்ஸ் என்ற சூப்பர்ஹீரோ கார்ட்டூன் 2006இல் நின்று, 2013இல் முழு நகைச்சுவையாகத் திரும்பி வந்தபோது ஏமாந்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பழைய தண்டர்கேட்ஸ் கார்ட்டூனின் புது வடிவமான தண்டர்கேட்ஸ் ரோர் 2018இல் அறிவிக்கப்பட்டது, ஒளிபரப்பானது 2020இல். ஒரு எபிசோட்கூட வராத தொடரைப் பெரியவர்கள் அத்தனை பேர் திட்டித் தீர்த்தார்களே, அவர்கள் எந்தத் தரத்தைப் பார்த்தார்கள்?

போன வருடம் ஹீ-மேனைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே ஓட்டம், அதே வாள் தூக்கும் காட்சி, செலவைக் குறைக்கத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது எபிசோடோடு நிறுத்திவிட்டேன். ஆனால் ஆரம்ப இசை வந்தபோது அழுதேன். அண்ணன் நாற்காலியில் இருப்பான், நான் கீழே அவன் முழங்காலில் சாய்ந்திருப்பேன். ஹீ-மேன் வாயைத் திறப்பதற்குள் இவன் வசனத்தைக் கத்திவிடுவான். இப்போது அவன் இல்லை. அந்தத் தொடர் நல்ல தொடர் என்று நான் இத்தனை வருடம் எல்லோரிடமும் வாதாடியதெல்லாம் அந்த முழங்காலுக்காகத்தான். நண்பருக்கும் அப்படி யாராவது இருந்திருப்பார்கள். அதைச் சொல்லியிருந்தால் என் மகள் ஆசையாகக் கேட்டிருப்பாள்.

"பிள்ளைகளுக்கு நல்லதைக் காட்டுவது நம் கடமை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவள் அதில் எதைப் பார்த்தாள் என்று கேட்டீர்களா? பழைய டக்டேல்ஸில் ஸ்க்ரூஜோடு இருக்கும் அந்த மூன்று வாத்துக் குஞ்சுகளும் அம்மாவைத் தேடுவதில்லை. புதியதில் கதையே அதைச் சுற்றித்தான். தினமும் தூங்கப் போகும்போது, "அப்பா, அவங்க அம்மா கிடைச்சிடுவாங்களா?" என்று கேட்பாள். நான் சொல்லவில்லை, அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருந்தேன். முதல் சீசன் முடிய இரண்டே எபிசோட்தான் பாக்கி.

நேற்று நானே போட்டேன். "அது வேண்டாம்பா, உங்களோடதைப் போடுங்க" என்றாள். போட்டேன். நீலக் கோட்டு வந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. நான் எங்கே சிரிக்கிறேன் என்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானும் சிரித்தாள்.