பழக்கிவிட்டால் எதிர்க்கடை போடுவார்களா?
‘தொழிலைக் கற்றுக்கொடுத்தால் பையன் எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்ற பயத்தில் சலூன்காரர்கள் முழுசாகச் சொல்லித் தருவதில்லை’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. மதுரையில் சலூன் நடத்துகிறேன். என்னிடம் பழகிய சிலர் தனியாகப் போனது உண்மைதான். முகூர்த்த நாளில் ஆள் பற்றாதபோது ஓடி வருவதும் அவர்கள்தான். ஐடிஐயில் ஓராண்டு காஸ்மெட்டாலஜி (அழகுக்கலை) படித்து வருபவர்களுக்கு, ஹேர் டை பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே, அலர்ஜி வருகிறதா என்று கொஞ்சம் தோலில் தடவிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் சுழி உள்ள இடத்தில் மெஷினை எப்படித் திருப்புவது, அவசரப்படுத்துகிறவரிடம் ‘இன்னைக்கு டை வேண்டாம் சார்’ என்று முகம் கோணாமல் எப்படிச் சொல்வது, இதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். அப்புறம், பழகும்போது சம்பளம் உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் முதல் மாதத்திலிருந்தே தருகிறேன், டிப்ஸ் முழுக்க அவர்களுக்கே.