மிதந்தா வயசு குறையுதாம்ல!

விண்வெளியில மிதந்தா வயசு குறையும்னு ஒரு தம்பி போட்ட அந்த வீடியோவை இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க, ப்ளீஸ். நேத்து ராத்திரி வரைக்கும் 11 பேர் அனுப்பிட்டீங்க. அதுக்குக் கீழ நான் போட்டது ஒரே வரி, "இது பாதி உண்மை தம்பி"ன்னு. அதுக்கு அந்தத் தம்பி, "அங்கிள், ஆராய்ச்சிப் பேப்பரைப் படிச்சுட்டு வாங்க"ன்னுட்டார். நம்ம ஆளுங்க ஹாஹா வேற போட்டிருக்கீங்க, பாத்தேன்.

படிச்சேன் தம்பி. நாசா விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 2015-16ல 340 நாள் ஸ்பேஸ் ஸ்டேஷன்ல இருந்தார், அவரோட ட்வின் மார்க் கெல்லி தரையில. மேல இருக்கும்போது ஸ்காட்டோட டெலோமியர், அதான் குரோமோசோம் நுனியில தொப்பி மாதிரி இருந்து வயசாக ஆகக் குட்டையாகுற சமாச்சாரம், நீண்டுச்சு. உங்க வீடியோ அங்கயே முடிஞ்சுருது. எறங்கின கொஞ்ச நாள்லயே சடார்னு சுருங்கிருச்சு, முன்ன இருந்ததை விடக் குட்டையானது நிறைய ஆயிருச்சுன்னு அதே 2019 பேப்பர்ல தானே இருக்கு, அது ஏன் கண்ணுல படல?

மிதந்தா வயசு குறையாது. கிழவனுக்கு வர்றதுல பலதும் சீக்கிரமா வரும், அவ்ளோதான். இடுப்பெலும்பு மாசத்துக்கு 1 சதவீதம், சமயத்துல அதுக்கும் மேல கரையுது, அதனால தான் தினம் 2 மணி நேரம் எக்சர்சைஸ். "அப்போ 77 வயசுல அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் 1998ல ஏன் போனார்"னு வருவீங்க. வயசாகுறதுக்கும் மிதக்குறதுக்கும் உள்ள ஒத்துமையைப் பாக்கத் தான் போனார். "95 வரைக்கும் இருந்தாரே"ன்னா, எங்க தெரு ஆச்சிக்கு 97, பஸ்ல ஏறுனாலே தலை சுத்தும் அதுக்கு. வேகமா போனா நேரம் மெதுவாகும்னு ஐன்ஸ்டீனை இழுக்காதீங்க, 6 மாசம் சுத்துனாலும் செகண்டுல 100ல ஒரு பங்கு கூட மிச்சமாகாது.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா, போன வருஷம் அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து 3 வாரம் படுக்கை. கெண்டைக்கால் சதை அப்படியே வத்தி, சாக்ஸ் போட்டா நிக்காம நழுவி கணுக்கால்ல சுருண்டுக்கும். மிதக்குறதும் படுத்தே கிடக்குறதும் உடம்புக்கு ஏறக்குறைய ஒண்ணு தான், அதனால விண்வெளி ஆராய்ச்சிக்கே ஆளுங்களைத் தலைமாட்டை 6 டிகிரி தாழ்த்தி வாரக்கணக்குல கட்டில்ல போட்டுத் தான் பாக்குறாங்க. 1966ல அமெரிக்காவுல டல்லாஸ்ல 5 இளவட்டங்களை 3 வாரம் படுக்க வெச்சாங்க. அதே 5 பேரை 30 வருஷம் கழிச்சு சோதிச்சா, 30 வருஷ வயசு இறக்கினதை விட அந்த 3 வாரம் அவங்க தெம்பை அதிகமா இறக்கியிருக்கு!

டாக்டர் நடக்க வைங்கன்னார், வாக்கரைக் குடுத்து நடக்க வெச்சேன். அப்பா "விடுறா, வலிக்குதுடா"ன்னு கத்துவார். நான் மட்டும் என்ன கல்லா? அப்போ வந்து பாத்துட்டு "பெத்த அப்பனைப் படுத்துறான் பாரு"ன்னு கல்யாண வீடு வரைக்கும் பேசினவர் தான் இந்த வீடியோவை குரூப்ல மொதல்ல போட்டது. ஆமா சித்தப்பா, உங்களைத் தான். அப்பா இப்போ தினம் காலையில அவரே போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வர்றார், வந்து பாத்துட்டுப் போங்க. குரூப்ல இருந்து நான் வெளிய வந்துட்டேன், மறுபடி சேக்காதீங்க.