ஹீட்டர் சூடாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டுமா?

“பழைய ட்ரக்கில் கேபின் ஹீட்டர் சூடாகவில்லையா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள், சுடுதண்ணீர் தடையில்லாமல் ஓடும்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. நடப்பது நேர்மாறு.

எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை (எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீர்; ஹீட்டருக்குச் சூடு தருவதும் இதுதான்) ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்து வைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. பெரும்பாலும் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் அது திறக்கும். அதைக் கழற்றிவிட்டால் கடுங்குளிரில் எஞ்சினே சரியாகச் சூடேறாது; ஹீட்டருக்கு எங்கிருந்து சூடு வரும்? டீசல் செலவும் கூடும்.

முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள் (சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்). குறைந்திருந்தால் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். பிறகு வண்டியைச் சூடேற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கேபின் சுவருக்குள் நுழையும் இரண்டு ஹோஸ்களையும் பதமாகத் தொட்டுப் பாருங்கள். விசிறி, பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. இரண்டும் சுட்டால் கோளாறு பெரும்பாலும் உள்ளே, காற்றைத் திருப்பும் கதவிலோ அதன் கேபிளிலோ. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் ஹீட்டர் கோர் (கேபின் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) அடைத்திருக்கலாம், அதற்குக் கூலன்ட்டை விடும் வால்வு திறக்காமலும் இருக்கலாம். இரண்டும் வெதுவெதுப்பு, எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள்ளும் ஏறவில்லை என்றால்தான் தெர்மோஸ்டாட் மீது சந்தேகம். அப்போதும் புதிதாக மாற்ற வேண்டுமே தவிர, கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது.

உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் கூலிங் சிஸ்டம் பகுதியைப் பார்த்தால் இது தெளிவாகும். அந்தத் தகவலைத் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஏற்கெனவே கழற்றியவர்கள், மேனுவல் சொல்லும் அதே டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கிப் புது கேஸ்கெட்டோடு (கசிவைத் தடுக்கும் அடைப்பு) மாட்டிவிடுங்கள்.