நூரி ஊர் திரும்பியதையும் எழுதியிருக்கலாம்
1988இல் ஈரான் அரசு அரசியல் கைதிகளைச் சிறைகளில் கொன்று குவித்தபோது உயிர் தப்பியவர்களின் நினைவுகளை உங்கள் கட்டுரையில் படித்தேன். கொல்லப்பட்டவர்களில் பலர் ஏற்கெனவே தண்டனை பெற்று அதை அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள். சிலருக்குத் தண்டனைக் காலமே முடிந்திருந்தது. இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். எவின், கோஹர்தஷ்த் சிறைகளில் சில நிமிடம் கேள்வி, அவ்வளவுதான், தூக்கு. இதற்குப் பெயர் விசாரணையாம்! எதிர்த்துக் கேட்ட மதத் தலைவர் ஆயத்துல்லா மொன்தசேரிக்கு, அன்றைய உச்சத் தலைவர் கொமெய்னியின் வாரிசு என்ற இடமே 1989இல் பறிபோனது. அப்புறம், தப்பியவர்களின் சாட்சியத்தை வைத்து 2022இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம், ஈரானின் முன்னாள் சிறை அதிகாரி ஹமீத் நூரிக்கு ஆயுள் தண்டனை விதித்ததைச் சொன்ன கட்டுரை, 2024இல் கைதிகள் பரிமாற்றத்தில் அவர் ஈரான் திரும்பியதை ஏனோ விட்டுவிட்டது. சாட்சி சொன்னவர்களிடம் அதைப் பற்றியும் கேட்டு எழுதுங்கள்.